ஆறு மணி என்று எழுதியவள்

கார்குழலியின் நாவல்களில் யாரும் மணி தெரியாமல் செத்ததில்லை. தொண்ணூற்றாறு நாவல். எல்லாவற்றிலும் முதல் அத்தியாயத்திலேயே பிணம் விழுந்துவிடும். விழுந்த நேரம் நிமிடக் கணக்கோடு கூடவே வந்துவிடும். ராயபுரத்தில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலைக்குப் போனவள் அவள். ஒரு மாதம் கதை தர வேண்டியவர் தராமல் ஊருக்குப் போய்விட, முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, எட்டே நாளில் எழுதிக் கொடுத்தது முதல் நாவல். பிறகு மாதத்துக்கு ஒன்று. பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷன் கடையில் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கும். அட்டையில் துப்பாக்கி இருக்கும். உள்ளே இன்ஸ்பெக்டர் ரஞ்சித் இருப்பான். அவன் ஓர் அறை விட்டால் போதும், எப்பேர்ப்பட்ட குற்றவாளியும் உண்மையைக் கக்கிவிடுவான். வாசகர்களுக்கு அந்த அறை பிடித்திருந்தது. எழுதியவளுக்கும் பிடித்திருந்தது. அதை அவள் பிற்காலத்தில் ஒருபோதும் மறைத்ததில்லை.

பதினான்கு வருஷத்துக்கு முன் ஒருநாள் மத்தியானம் காத்தூன் பீவி அந்த நாவல்களில் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வியாசர்பாடி ஹவுசிங் போர்டு மாடிப்படி ஏறி வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. புத்தகம் அவள் மகன் சாதிக்குடையது. பத்தொன்பது வயதில் போலீஸ் காவலில் செத்துப்போனவன்.

"என் புள்ள உன் புக்கு ஒண்ணு விடாம படிப்பான்மா. ஒரு அறை வுட்டா உண்மை வந்துரும்னு போட்டுகிறியாமே. இவன மூணு நாளு அறைஞ்சாங்கோ. இன்னா உண்மைய சொல்லியிருப்பான், நீயே எழுதிக் குடு."

கார்குழலி உட்காரக்கூடச் சொல்லவில்லை. வாசற்படியில் நின்றபடியே கேட்டாள். அடுத்த மாத நாவல் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. சாதிக்கின் தாய் சொன்னதை வரிசைப்படுத்தி முதல் வாக்குமூலத்தை எழுதினாள். அந்த வழக்கு இன்னும் உயர்நீதிமன்றத்தில் வாய்தா வாங்கிக்கொண்டு கிடக்கிறது. அது போய்க்கொண்டிருக்கும்போதே இன்னும் பதினோரு வீடுகள். காவலில் செத்தவர்களின் தாய்களும் மனைவிகளும் அவளைத் தேடி வந்தார்கள். அழுகையும் சாபமும் கனவும் கலந்து அவர்கள் கொட்டுவதை, முதலில் இது, பிறகு இது என்று அவள் அடுக்கித் தருவாள். "உங்க பேப்பர்ல ஓட்டையே இருக்காது" என்று வக்கீல்கள் சொல்வார்கள். பன்னிரண்டாவது பேப்பர், மகன் டில்லிபாபுவைப் பறிகொடுத்த திருவொற்றியூர்க் கடலோரத்து மீன்காரி பூவம்மாவுடையது. அதில்தான் ஓட்டை விழுந்தது.

அதை முதலில் பார்த்தவள் மகிழினி. பக்கத்து பிளாக்கில் பிறந்து வளர்ந்து வக்கீலானவள். மார்கழிச் சனிக்கிழமை சாயங்காலம் கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள். அடுப்படியில் கார்குழலியின் கணவர் நீலமேகம் கானாங்கெளுத்தி வறுத்துக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றபின் அடுப்பு அவர் பொறுப்பு.

"வக்கீலம்மா, மூஞ்ச இப்படி வெச்சுகினு வந்தா மீனு தீஞ்சு பூடும். ஒரு துண்டு துன்னுட்டு அப்பால பேசு."

"வேணாம் பெரிப்பா. பெரிம்மா, எதிர்த்தரப்பு பதில் வந்துடுச்சு. திங்கக்கெழம மனித உரிமை ஆணையத்துல விசாரணை. பூவம்மாவ குறுக்கு விசாரணை பண்ணப் போறாங்க."

"இன்னா சொல்றாங்க?"

"விடியகாலைல போலீசு ரோந்து போனாங்களாம். டில்லிபாபு அவங்களப் பாத்து ஓடினானாம். கடலோரம் கொட்டி வெச்சிருக்க பாறையில தடுக்கி விழுந்து மண்டையில அடியாம். இவங்களே தூக்கினு போயி ஆஸ்பத்திரில சேத்தாங்களாம்."

"இது தெரிஞ்ச கதைதானே."

"ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர் வெச்சிருக்காங்க. சேத்த நேரம் காலைல அஞ்சு அம்பது." மகிழினி இன்னொரு தாளை அதன்மேல் வைத்தாள். "நம்ம பேப்பர்ல, 'காலை சரியாக ஆறு மணிக்கு என் மகன் வீட்டில் பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மஃப்டியில் இருந்த இருவர் வந்து பைக்கில் ஏற்றிச் சென்றனர்'. அஞ்சு அம்பதுக்கு ஆஸ்பத்திரில பேச்சு மூச்சில்லாம கெடந்தவன் ஆறு மணிக்கு வூட்ல எப்படிப் பெரிம்மா சோறு துன்னுவான்? பூவம்மா பொய் சொல்றான்னு ஆயிடும். பொய் சொல்ற சாட்சின்னு ஆயிட்டா கேசு அதோட முடிஞ்சுது."

கார்குழலி தாளை எடுத்து அந்த வரியைப் பார்த்தாள். 'சரியாக' என்ற சொல்லின்மேல் கண் நின்றது. அது பூவம்மாவின் சொல் அல்ல. தொண்ணூற்றாறு நாவலில் பழகிய சொல். பூவம்மா என்ன சொன்னாள்? கம்பெனி சங்கு ஊதும்போது வந்தார்கள் என்றாள். கார்குழலி வேறெதுவும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. அவள் திருவொற்றியூரில் அதே கம்பெனியின் தொழிலாளர் லைனில் பிறந்தவள். அந்தச் சங்கில்தான் அப்பா எழுந்து முதல் ஷிப்டுக்கு ஓடுவார், அம்மா உலை வைப்பாள், அவள் பல் விளக்குவாள். சங்கு ஆறு மணிக்கு ஊதும் என்பது அவளுக்குப் படித்துத் தெரிந்துகொண்ட விஷயமல்ல.

மறுநாள் காலை கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறித் திருவொற்றியூரில் இறங்கிக் கடற்கரைக்கு நடந்தாள். ஞாயிற்றுக்கிழமை. பூவம்மாவைச் சுற்றி ஆட்கள் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். காசிமேட்டு ஏலத்தில் எடுத்து வந்த மீன் அன்னக்கூடையில் பளபளத்தது. வாடைக் காற்றில் அவள் முந்தானையைத் தலையில் இறுக்கிக் கட்டி, அருவாமனையைக் காலால் மிதித்துக்கொண்டு, சங்கரா மீனைச் செதில் சீவினாள். செவுளைக் கிள்ளி எறிந்தாள். காக்கைகள் அதற்குத்தான் நின்றன. மகன் செத்த மூன்றாம் வாரமே கூடையைத் தூக்கிவிட்டாள் என்று தெருவில் ஒரு பேச்சு இருந்தது. அவளுக்கும் அது தெரியும்.

"இன்னாமா, மீனு கண்ணு செவந்துகீது?" என்றாள் வாங்க வந்தவள் ஒருத்தி.

"ராவெல்லாம் என்னாண்ட ஒக்காந்து அழுதுச்சு. எடுக்கறியா, வெக்கறியா?" என்ற பூவம்மா நிமிர்ந்து கார்குழலியைப் பார்த்தாள். "யக்கா! நாளைக்கித்தானே கோர்ட்டு? இன்னிக்கே வந்துட்ட?"

"நீ முடி. நான் ஒக்காந்துகினு இருக்கேன்."

கூட்டம் வடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. கார்குழலி கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் கூடையில் உட்கார்ந்திருந்தாள். கேட்க வந்ததைக் கேட்காமலே போய்விடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு தன்னுடையதுதான் என்பதை அவள் கவனித்தாள்.

"பூவம்மா, கம்பெனி சங்கு எத்தினி மணிக்கு ஊதும்?"

"எந்நேரத்துது?"

"காலைல."

"அஞ்சுக்கு."

"ஆறுக்கு இல்ல?"

"ஆறெல்லாம் எந்தக் காலத்துலயோ. கொரோனா வந்துச்சே, அப்பால மூணு சிப்ட்ட ரெண்டாக்கிட்டான். அஞ்சுக்கு அஞ்சு. என் தங்கச்சி வூட்டுக்காரன் காண்ட்ராக்ட்ல போறான், அவந்தான் சொல்லுவான், மனுசன சாவடிக்கிறானுங்கன்னு." கத்தியைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "இன்னாத்துக்குக் கேக்கற?"

கார்குழலி சொன்னாள். எதையும் சுற்றி வளைக்கவில்லை. ஆஸ்பத்திரி நேரம், பேப்பரில் இருக்கும் நேரம், அதை எழுதியது யார் என்பது எல்லாவற்றையும் சொன்னாள்.

பூவம்மா அலசிய கத்தியைக் கூடையில் வைத்தாள். பிறகு கேட்டாள்:

"அப்ப அஞ்சுக்கு இட்டுகினு போயி, அஞ்சு அம்பதுக்குள்ள முடிச்சுட்டானுங்க."

"ஆமாம்."

"ஒரு மணி நேரங்கூட இல்ல."

"இல்ல."

"நான் ரொம்ப நேரம் வெச்சு அடிச்சிருப்பானுங்கன்னு நெனச்சுகினு இருந்தேன் யக்கா." அதில் ஆறுதல் இருந்ததா, இன்னொரு வலி இருந்ததா என்று கார்குழலிக்குப் பிடிபடவில்லை.

"நான் எழுதினத உனக்குப் படிச்சுக் காட்டினேனே. ஆறுன்னு வந்தப்போ நீ ஏன் ஒண்ணும் சொல்லல?"

"எனக்கு மணி எங்க பாக்கத் தெரியும்? நீ படிச்சவ, புக்கு போடறவ. ஆறுன்னா ஆறுதான் போலன்னு வுட்டுட்டேன்." ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். "அதுவுமில்லாம, நீ படிக்கச் சொல்லோ வரிக்கு வரி என் புள்ள பேரு வந்துகினே இருந்துச்சு. அத்தத்தான் கேட்டுகினு இருந்தேன். மத்தது காதுல வுழல."

கார்குழலி கடலைப் பார்த்தாள். அலை தெரியாதபடி கரையில் பாறைகளைக் கொட்டி வைத்திருந்தார்கள்.

"இன்னா இப்ப, நான்தான் தப்பா சொல்லிட்டேன்னு சொல்லிடறேன்" என்றாள் பூவம்மா. "எழுத்து தெரியாதவன்னு வுட்டுடுவாங்க. உனக்கு எதுக்கு பேஜாரு?" பிறகு கூடையில் மிச்சமிருந்த நெத்திலியை ஒரு கவரில் அள்ளிப்போட்டு அவள் மடியில் வைத்தாள். "வேணாம்னு சொல்லாத. அன்னிக்கி அவன் சோத்துக்குத் தொட்டுக்க வெச்சது நெத்திலிக் கொழம்புதான். நானு இன்னும் ஆக்கல. நீயாவது ஆக்கு."

வீட்டுக்கு வந்தபோது மகிழினியும் காத்தூன் பீவியும் காத்திருந்தார்கள். காத்தூன் பீவி ஞாயிறு தோறும் வருவாள். சாதிக்கின் வழக்கில் புதிதாக ஏதும் இருக்கிறதா என்று கேட்பாள். இல்லை என்பாள் இவள். டீ குடித்துவிட்டுப் போவாள். பதினான்கு வருஷ ஞாயிறுகள். இந்த உலகத்தில் கார்குழலிக்குத் தோழி என்று ஒருத்தி இருந்தால் அது அவள்தான்.

மகிழினி இரண்டு வழி சொன்னாள். ஒன்று, பூவம்மா சொன்னபடியே அவள்மேல் போடுவது. "ஆனா அப்படிச் சொன்னா, 'மணியே தெரியாதவ, அப்ப அஞ்சுன்னும் எப்படி நம்பறது'ன்னு மடக்குவாங்க. பாதிதான் தேறும். இன்னொண்ணு, நேரத்த நான்தான் போட்டேன்னு நீங்களே பிரமாணம் குடுக்கறது. கம்பெனிலேர்ந்து சங்கு நேரத்த வரவழைக்கலாம். பூவம்மா சொல்லு நிக்கும்."

"அப்ப அதைச் செய்ய வேண்டியதுதானே" என்றார் நீலமேகம், நெத்திலி ஆய்ந்தபடி.

"பெரிப்பா, இவங்க யாரு? கொல, கொள்ளன்னு நாவல் எழுதினவங்க. ஒரு வாக்குமூலத்துல சொந்தமா சேத்தேன்னு இவங்க வாயால சொன்னா, மத்த பதினொண்ணும்? எல்லாம் இந்தம்மா எழுதின கதைன்னு அடுத்த நாளே எல்லா கோர்ட்லயும் மனு போடுவாங்க. சாதிக் கேசு உட்பட."

யாரும் காத்தூன் பீவியைப் பார்க்கவில்லை. அவள் டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கொழலி, ஒண்ணு கேக்கறேன். சாதிக் பேப்பருல எத்தினி மணி நீ போட்டது?"

கார்குழலி எழுந்து பீரோவைத் திறந்தாள். முதல் கோப்பு, பழுப்பு ஏறிய நகல். 'இரவு ஒன்பது நாற்பதுக்கு என் மகனை ஜீப்பில் ஏற்றினர்.' இதைச் சொன்னது காத்தூன் பீவியா? கடிகாரத்தைப் பார்த்து இவளே சொல்லியிருக்கலாம். இரவுத் தொழுகையான இஷா முடித்த நேரம் என்று இவள் சொல்ல, கார்குழலிதான் அதை மணியாக்கியிருக்கலாம். 'அவன் இடது கால் செருப்பு வாசலில் கிடந்தது.' செருப்பைப் பற்றி இவள் சொன்னாளா? இல்லை, அத்தியாயத்தின் முடிவில் ஒரு பொருள் தனியாகக் கிடந்தால் நன்றாக இருக்கும் என்று பழகிய கை அதைப் போட்டுவிட்டதா? அன்றைக்குக் கார்குழலிக்கு நாவல் எழுத்தைத் தவிர வேறோர் எழுத்து தெரியாது. நாவலிலிருந்து எழுந்து வந்து வாக்குமூலத்தில் உட்கார்ந்தவள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். எந்த வரி கேட்டது, எந்த வரி தன்னுடையது என்று பிரிக்க முடியவில்லை. எல்லா வரிகளும் ஒரே மாதிரி நன்றாக இருந்தன.

"தெரியல பீவிக்கா" என்றாள்.

"தெரியலன்னா?"

"மெய்யாலுமே தெரியல."

காத்தூன் பீவி தலையை மட்டும் ஆட்டினாள். "வரேன் நைனா" என்று நீலமேகத்திடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். கார்குழலியிடம் சொல்லவில்லை.

மகிழினியும் கிளம்பிப் போனபின், நீலமேகம் நெத்திலியை அலசிக்கொண்டே கேட்டார். "இன்னாமே செய்யப் போற?"

"அவ மீனு வெட்டிகினே, நானே பழி ஏத்துக்கறேன்னாய்யா. எனக்கு ஒரு நிமிசம் சரின்னு பட்டுச்சு. அந்த ஒரு நிமிசத்தத்தான் என்னால தாங்க முடியல."

"அது சரி. பன்னெண்டு பேருல ஒருத்திக்காக மத்தவங்கள..."

"ஒருத்தி பொய்க்காரின்னு பேரு வாங்கினாத்தான் மத்தவங்க கேசு நிக்கும்னா, அது யாருக்குய்யா நிக்குது? எனக்குத்தான் நிக்குது."

அவர் குழம்பைக் கொதிக்க விட்டார். இருவரும் சாப்பிட்டார்கள். நெத்திலிக் குழம்பு நன்றாகவே இருந்தது. 

திங்கட்கிழமை ஆணையத்தில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் விசாரித்தார். கார்குழலியின் பிரமாணப் பத்திரத்தை மகிழினி காலையிலேயே தாக்கல் செய்திருந்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தாத மனிதர். பையிலிருந்து ஒரு பழைய மாத நாவலை எடுத்து மேசைமேல் வைத்தார். அட்டையில் துப்பாக்கி.

"இது நீங்க எழுதினதுதானேம்மா?"

"ஆமாம்."

"இதுல, 'சரியாக நான்கு மணி பத்து நிமிடத்துக்குக் கதவு தட்டப்பட்டது'ன்னு இருக்கு. அந்த 'சரியாக' பூவம்மாள் வாக்குமூலத்துலயும் இருக்கு. அது உங்க சொல்லா, அவங்க சொல்லா?"

"என் சொல்லு."

"இதுவரைக்கும் எத்தனை வாக்குமூலம் எழுதியிருக்கீங்க?"

"பன்னெண்டு."

"மத்ததுல உங்க சொல்லு இல்லைன்னு சத்தியமாச் சொல்ல முடியுமா?"

மகிழினி எழுந்து ஆட்சேபம் சொன்னாள். நீதிபதி பதில் சொல்லத் தேவையில்லை என்றார். ஆனாலும் கார்குழலி சொன்னாள்: "முடியாது." டைப்பிஸ்ட் அதையும் அடித்துக்கொண்டார்.

பிறகு பூவம்மா. துவைத்த புடவை, எண்ணெய் தடவி வாரிய தலை. கூண்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மணி பார்க்கத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"அப்புறம் எப்படி அஞ்சு மணின்னு சொல்றீங்க?"

"நான் எங்க சொன்னேன்? சங்கு ஊதச் சொல்லோ என் புள்ள கையில சோறு இருந்துச்சு. வாயில வெக்கல. அப்பத்தான் வந்தானுங்க. கைய கழுவிட்டு வரேன்னான், வுடல. சோத்துக் கையோட இட்டுகினு போனானுங்க. சங்கு எப்ப ஊதுச்சுன்னு ஊதினவன கேளு சார். என்ன இன்னாத்துக்குக் கேக்கற?"

அறையில் யாரோ சிரிக்கப் போய் அடக்கிக்கொண்டார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. கம்பெனியின் சங்கு நேரப் பதிவேட்டையும், ஆஸ்பத்திரியில் எடுத்த முதல் குறிப்பையும் வரவழைக்க உத்தரவிட்டார். அந்தக் குறிப்பில் கையில் சோறு ஒட்டியிருந்ததைப் பற்றி ஏதும் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னார். சோத்துக் கை பற்றி கார்குழலி எழுதிய பேப்பரில் ஒரு வரியும் இல்லை. பூவம்மா அதை முதல் நாளே சொல்லியிருப்பாள். அது வழக்குக்கு வேண்டாம் என்று கார்குழலிதான் விட்டிருப்பாள்.

வெளியே வந்ததும் பூவம்மா, "இன்னா யக்கா, நல்லா சொன்னேனா?" என்று கேட்டாள். கார்குழலியால் ஆமாம் என்றுதான் சொல்ல முடிந்தது. பூவம்மா வாய் திறந்து சிரித்தாள், பிறகு சிரித்தது நினைவு வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

புதன்கிழமை காலை காத்தூன் பீவி வந்தாள். ஞாயிறு அல்லாத நாளில் அவள் வந்ததே இல்லை. நீலமேகம் டீ போட்டார். அவள் முழுவதும் குடித்தாள்.

"நேத்து வக்கீலாபீசுல சொன்னாங்கோ. நம்ம கேசுல மனு போட்டுட்டாங்களாம்."

"மகிழினி சொன்னா பீவிக்கா."

"பூவம்மாக்கு நீ செஞ்சது சரிதான் கொழலி. நானு தப்புன்னு சொல்லவே மாட்டேன். அவளும் பெத்தவ." டம்ளரைத் தள்ளி வைத்தாள். "என் பேப்பர குடுத்துடு. வேற ஒருத்தர வெச்சு முதல்லேர்ந்து எழுதலாம்னு கீறேன்."

கார்குழலி பீரோவிலிருந்து சாதிக் வழக்குக் கோப்பை எடுத்தாள். நாடா இற்றுப்போயிருந்தது; வேறு நாடா தேடிக் கட்டினாள். கட்டுவதற்கு நேரம் பிடித்தது.

"உனக்கு எல்லாம் ஞாபகம் இருக்குமில்ல பீவிக்கா?"

காத்தூன் பீவி கோப்பை மடியில் வைத்துத் தடவினாள்.

"அதான் பயமா கீது. ரெண்டு நாளா ஒக்காந்து யோசன பண்ணிகினு கீறேன். ஒன்பது நாப்பதுன்னுதான் வருது. வாசல்ல செருப்பு கெடந்துச்சுன்னுதான் வருது. பதினாலு வருசமா நீ படிச்சுக் காட்டி, வக்கீலு படிச்சுக் காட்டி, கோர்ட்ல படிச்சு, உன்னுதுதான் எனக்கு ஞாபகம் நிக்குது. நானு கண்ணால பாத்தது எங்க போச்சுன்னு தெர்ல."

அடுப்படியில் நீலமேகத்தின் பாத்திரச் சத்தம் நின்றது.

கார்குழலி செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு இறங்கினாள். பஸ் நிறுத்தம் எருக்கஞ்சேரி நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. காத்தூன் பீவிக்கு முழங்கால் வலி. லாரியைக் கண்டால் பயம் வேறு. அவள் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, மறு கையைக் கார்குழலியிடம் நீட்டினாள். பாதிச் சாலையில், நடுத்திட்டில், ஒரு நீண்ட லாரி கடக்கும்வரை இருவரும் நின்றார்கள். கை வியர்த்திருந்தது. யாருடைய வியர்வை என்று தெரியவில்லை.

அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் காத்தூன் பீவி மெதுவாகக் கையை உருவிக்கொண்டாள். கோப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பஸ் வரும் திசையில் திரும்பி நின்றாள்.